புரூஜா, கெண்டா: கால்வாய் ஊரில் ஒரு நாள் நடக்க எது?

பெல்ஜியத்தில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, தங்கல் பிரஸ்ஸல்ஸில், அவசரமில்லாமல் பழைய கால்வாய் ஊர் ஒன்றைக் கால்நடையாகச் சுற்ற வேண்டும். இப்படிக் கேட்பவர்களுக்கு வரும் பதில்கள் கடைசியில் இரண்டு ஊர்களில் வந்து நிற்கும்: புரூஜ், கெண்ட். இரண்டும் ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸிலிருந்து கிளம்பினால் அரை மணிக்குச் சற்று மேல் ஓடி முதலில் கெண்ட் வரும். அதையும் தாண்டி இன்னும் இருபத்தைந்து நிமிடம் போனால் புரூஜ். பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவர்களும் பிரஸ்ஸல்ஸ் மிடி நிலையத்தில் வண்டி மாறி இதே பாதையில்தான் ஏற வேண்டும்.

எது அழகு என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், புரூஜ்தான். ஆனால் நிதானமாக ஒரு நாளைக் கழிக்க எது நல்லது என்பது வேறு கணக்கு. அதற்கு முதலில் தெரிய வேண்டியது, நீங்கள் எத்தனை மணிக்குப் போய் இறங்குவீர்கள் என்பது. காலை 9 மணிக்குள் இறங்க முடிந்தால் புரூஜுக்குப் போங்கள். குளித்து, சாப்பிட்டு, குழந்தைகளைக் கிளப்பி 11 மணிக்குத்தான் ரயில் ஏறுவோம் என்றால் கெண்ட்டில் இறங்கிவிடுங்கள். ஒன்று காலை ஊர், மற்றொன்று மாலை ஊர். ஏன் அப்படி என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

ரயிலும் நிலையத்திலிருந்து நடையும்

பெல்ஜிய உள்நாட்டு ரயிலில் சாதாரண டிக்கெட்டுக்குக் குறிப்பிட்ட வண்டியோ இருக்கையோ கிடையாது. முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும் என்பதும் இல்லை. அன்றைக்குக் காலையில் செயலியிலோ இயந்திரத்திலோ வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினால் போதும். வண்டிக்குள் பரிசோதகரிடம் வாங்கினால் மட்டும் கூடுதலாகக் கட்ட வேண்டும். புரூஜுக்கு ஆகும் கட்டணம் கெண்ட்டுக்கு ஆவதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு; நான்கு பேர் போய்த் திரும்பினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிரஸ்ஸல்ஸ் நிலையப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயரும் டச்சுப் பெயரும் மாறி மாறி ஓடும். கெண்ட் பிரெஞ்சில் 'காங்' என்று வரும், பயப்பட வேண்டாம். வண்டியின் முகப்பில் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்ப் பெயருமே இருக்காது. ஓஸ்டெண்ட், பிளாங்கன்பர்க், க்நோக்க என்று கடற்கரை ஊர்களின் பெயர்தான் இருக்கும். வழியில் நிற்கும் ஊர்களின் பட்டியலைப் பார்த்து ஏறுங்கள்.

இறங்கிய பிறகுதான் முதல் வித்தியாசம் தெரியும். புரூஜ் நிலையத்திலிருந்து நடுவில் உள்ள மார்க்ட் சதுக்கத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், இருபது நிமிட நடை. சாலையைக் கடந்த சில நிமிடங்களிலேயே மரங்களும் தண்ணீரும் வந்துவிடும், ஆகவே நடையே சுற்றுலாவில் சேர்த்திதான். கெண்ட் சின்ட் பீட்டர்ஸ் நிலையத்திலிருந்து பழைய நகரம் இரண்டரைக் கிலோமீட்டர் அளவு. நடக்க அரை மணி நேரம் ஆகும், வழியில் பார்க்கவும் பெரிதாக எதுவும் இல்லை. அந்த நடையை மிச்சம் பிடித்து டிராமில் போங்கள். பழைய நகரின் நடுவில் உள்ள கோரன்மார்க்ட் சதுக்கத்தின் பக்கம் போகும் டிராம் நிலையத்தின் முன்னாலிருந்து கிளம்பும். வங்கி அட்டையை உள்ளே இருக்கும் கருவியில் காட்டினால் டிக்கெட் ஆயிற்று. பாதைப் பணிகளுக்காக டிராம் வழியை மாற்றுவது அங்கே சகஜம், அதனால் ஏறும் முன் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள். இரண்டு நிலையங்களிலும் பெட்டி வைக்க லாக்கர் உண்டு. உருட்டுப் பெட்டியை மட்டும் ஊருக்குள் இழுத்துப் போகாதீர்கள். இரண்டு ஊர்களிலும் தரை முழுக்க உருண்டைக் கற்கள்தான். சக்கரம் உடைவது ஒரு பக்கம், அந்தச் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

தண்ணீர் எப்படி இருக்கிறது

புரூஜின் கால்வாய்கள் குறுகலானவை. பல இடங்களில் வீட்டுச் சுவர் நேராகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருக்கும், கரையில் நடைபாதை இருக்காது. ஒரு பாலத்தில் நின்று பார்ப்பீர்கள், அப்புறம் தண்ணீர் வீடுகளுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும், இரண்டு தெரு தள்ளி அடுத்த பாலத்தில் திரும்ப வரும். டைவர், குருனரேய், ஸ்பீகல்ரேய் மாதிரிச் சில கரைகளில் மட்டும்தான் தண்ணீரோடு தொடர்ந்து நடக்க முடியும். இந்தக் காரணத்தால் புரூஜில் படகுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. நடந்து பார்க்க முடியாத வீட்டுப் பின்புறங்களும் தோட்டங்களும் படகிலிருந்து மட்டுமே தெரியும்.

கெண்ட்டில் நகரின் நடுவே ஓடுவது உண்மையில் லேய் என்ற ஆறு. பழைய துறைமுகமாக இருந்த இடம், அதனால் கரைகள் அகலம். கிராஸ்லேய், கோரன்லேய் என்று எதிரெதிராக இரண்டு கரைகள். கல் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உட்காரலாம், மாணவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். தண்ணீரைப் பார்க்கக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. ஆனால் நாள் முழுக்கக் கால்வாய் ஓரமாகவே நடக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்தால், முக்கியமான துண்டு சீக்கிரம் முடிந்துவிடும். சின்ட் பாவோ தேவாலயத்திலிருந்து சின்ட் மிக்கீல் பாலத்துக்குப் பத்து நிமிட நடைகூட இல்லை.

ஒன்று பொம்மை ஊர் மாதிரியும் மற்றொன்று சாதாரண நகரம் மாதிரியும் இருப்பதற்கு வரலாறு காரணம். 1134ஆம் ஆண்டுப் புயலில் கடல் உள்ளே புகுந்து ஸ்வின் என்ற கழிமுகத்தைத் திறந்துவிட்டது. அதன் வழியாக வந்த கப்பல்களால்தான் புரூஜ் செழித்தது. பிறகு ஸ்வின் மணல் மேடிட்டுத் தூர்ந்தது, 1500 வாக்கில் வியாபாரம் ஆன்ட்வெர்ப்புக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் வறுமையில் கிடந்தது. ஆலை கட்டப் பணமில்லை, பழைய வீடுகளை இடிக்கவும் பணமில்லை. அந்த ஏழ்மை காப்பாற்றிக் கொடுத்ததைத்தான் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபிடமாகச் சேர்த்தது. கெண்ட்டின் கதை நேர்மாறு. 1800 வாக்கில் லீவன் பாவன்ஸ் என்பவர் நூற்பு இயந்திரத்தை இங்கிலாந்திலிருந்து கடத்திக்கொண்டு வந்தார், ஊர் பஞ்சாலை நகரமாகிவிட்டது. அவருக்குச் சிலைகூட இருக்கிறது. அதனால் கெண்ட்டில் கோட்டைக்குப் பக்கத்தில் ஆலைச் சுவரும், தேவாலயத்துக்குப் பக்கத்தில் 2012இல் கட்டிய மரமும் கண்ணாடியுமான நகரக் கூரையும் தலைநீட்டும். சிலருக்கு அது உறுத்தும். ஆனால் கடைக்காரர் உங்களைச் சுற்றுலாப் பயணியாக மட்டும் பார்க்காமல் சாதாரண வாடிக்கையாளராகவும் நடத்துவது கெண்ட்டில்தான்.

இரண்டு ஊரிலும் 'பழமை' என்று நினைத்துப் படம் எடுப்பதில் எல்லாமே பழையது இல்லை. புரூஜில் ஆயிரக்கணக்கானோர் இடைக்காலத்தது என்று நம்பிப் படம் பிடிக்கும் போனிஃபாசியஸ் பாலம் 1910இல் கட்டியது. கெண்ட்டின் கிராஸ்லேய் முகப்புகளில் பல, 1913 உலகக் கண்காட்சிக்காகச் சீர்செய்து திருத்தியவை. எதிரே நின்று படம் எடுக்கும் சின்ட் மிக்கீல் பாலமும் அதே ஆண்டுகளை ஒட்டிக் கட்டியதுதான்.

புரூஜ்: கூட்டத்துக்கு எதிர்த் திசையில்

பகல் பயணிகள் புரூஜுக்குள் வரும் விதம் எப்போதும் ஒன்றுதான். சுற்றுலாப் பேருந்துகள் ஊரின் தென்முனையில் நிற்கும். அங்கிருந்து மின்னவாட்டர் ஏரி, பெகெய்ன்ஹோஃப் என்ற பழைய பெண்கள் குடியிருப்பு, அன்னை மரியா தேவாலயம், ரோசன்ஹூட்காய், மார்க்ட் என்று குழு குழுவாக ஒரே கோட்டில் ஏறி வருவார்கள். ஜீப்ருகத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் நின்றால் அந்தக் கூட்டமும் சேரும். 10.30 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணி வரை இந்தக் கோடு நெரிசல்தான். அதே நேரத்தில் ஊரின் வடகிழக்கு மூலை ஆளில்லாமல் கிடக்கும்.

நிலையத்திலிருந்து வருபவர்களும் வழிகாட்டிப் பலகையைப் பார்த்து மின்னவாட்டரில் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பாதையைத் தலைகீழாக்குங்கள். 9 மணிக்கு இறங்கியதும் வேடிக்கை பார்க்காமல் நேராக ரோசன்ஹூட்காய்க்கு நடந்துவிடுங்கள். மணிக்கோபுரம் பின்னால் தெரிய, தண்ணீர் ஓரத்து வீடுகளோடு உலகம் முழுக்கப் படங்களில் பார்த்த அந்த இடம் அதுதான். காலையில் வெயில் உங்களுக்குப் பின்னாலிருந்து விழும். படகுகள் 10 மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும் என்பதால் தண்ணீரும் கலங்காமல் இருக்கும். அங்கிருந்து மீன் சந்தை வழியாக, வளைவுக்குக் கீழே ஒரு குறுகிய சந்தில் நுழைந்தால் புர்க் சதுக்கம். நகர மன்றமும் திரு இரத்தப் பேராலயமும் இங்கே ஒட்டியொட்டி இருக்கின்றன. இன்னும் இரண்டு நிமிடத்தில் மார்க்ட்.

படகு ஏறுவதென்றால் இந்த நேரத்தில் முதல் படகு. ஐந்து துறைகள் இருக்கின்றன. பாதையும் விலையும் எல்லாவற்றிலும் ஒன்றே, ஆகவே வரிசை குறைவாக உள்ள துறையில் ஏறுங்கள். அரை மணி நேரச் சவாரி, மார்ச் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஓடும், பெரியவருக்கு 15 யூரோ அளவில் ஆகும். திறந்த படகு என்பதால் மழை வந்தால் நனைய வேண்டியதுதான். தாழ்வான பாலங்களில் ஓட்டுநர் சொல்லும்போது தலையைக் குனியுங்கள், விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

11 மணிக்கு மார்க்ட் நிரம்பத் தொடங்கும். அப்போது வடக்கே யான் வான் ஐக் சதுக்கத்துக்கு நகர்ந்து, ஸ்பீகல்ரேய் கரையோரமாகக் கிழக்கே திரும்பி, சின்ட் அன்னா வட்டாரத்துக்குள் போய்விடுங்கள். தாழ்ந்த கூரை வீடுகள், ஜன்னல் ஓரத்தில் பூனை, சரிகைப் பின்னல் மையம், எருசலேம் சிற்றாலயம். மார்க்ட்டிலிருந்து கால் மணி நேர நடைதான், ஆனால் குழுக்கள் இவ்வளவு தூரம் வருவதில்லை. தெரு முடியும் இடத்தில் க்ரோய்ஸ்வெஸ்ட் மேட்டில் நான்கு காற்றாலைகள் நிற்கும். அவற்றில் சின்ட் யான்ஸ்ஹோய்ஸ் ஆலை 1770இல் கட்டியது, இன்றும் மாவு அரைக்கும் நிலையில் இருக்கிறது; வெப்ப மாதங்களில் ஏறிப் பார்க்கலாம்.

இதற்கப்புறம் ஊருக்குள் திரும்ப வேண்டியதில்லை. பழைய கோட்டை மதில் இருந்த மேடு இப்போது புல்லும் மரமுமாக ஊரைச் சுற்றி ஓடும் நடைபாதை. ஆலைகளிலிருந்து தெற்கே க்ரோய்ஸ்போர்ட் வாசல், கெண்ட்போர்ட் வாசல் என்று பெரிய கால்வாயை இடப்பக்கம் வைத்து இரண்டரைக் கிலோமீட்டர் போல நடந்தால் மின்னவாட்டரில் வந்து இறங்குவீர்கள். பெகெய்ன்ஹோஃப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1245இல் தொடங்கிய பெண்கள் குடியிருப்பு. 1927 முதல் பெனடிக்ட் சபைக் கன்னியர் இருக்கிறார்கள். நுழைவு இலவசம், சத்தம் போடக் கூடாது, வாசற்கதவை மாலை 6.30க்குச் சாத்திவிடுவார்கள். 5 மணிக்குப் பேருந்துக் குழுக்கள் கிளம்பிய பிறகு போனால் உயர்ந்த மரங்களும் வெள்ளை வீடுகளும் உங்களுக்கே. அங்கிருந்து நிலையம் பத்து நிமிடத் தூரம். மொத்த நடை எட்டுக் கிலோமீட்டருக்குள் அடங்கும்.

இதே பாதையை 12 மணிக்கு இறங்கிச் செய்தால் என்ன? ரோசன்ஹூட்காயில் படம் எடுக்க வரிசை, படகுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை. புரூஜ் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் 11 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் போனவர்கள்.

கெண்ட்: பிற்பகலில் தொடங்கினாலும் போதும்

கிராஸ்லேய் ஆற்றின் கிழக்குக் கரையில், மேற்கே பார்த்து நிற்கிறது. காலையில் அதன் முகப்புகள் நிழலில் இருக்கும், படம் மங்கலாகத்தான் வரும். மதியம் தாண்டி வெயில் சாயச் சாய ஒவ்வொரு வீடாக ஒளி ஏறும். ஆகவே இங்கே தாமதமாக வருவதால் நஷ்டம் எதுவும் இல்லை. அத்தோடு நகரம் தன் தெருவிளக்குகளையும் கட்டட ஒளியையும் ஒரே திட்டமாக வடிவமைத்திருக்கிறது. இருட்டிய பிறகு சின்ட் மிக்கீல் பாலத்திலிருந்து சின்ட் நிக்கோலாஸ் தேவாலயம், மணிக்கோபுரம், சின்ட் பாவோ என்று மூன்று கோபுரங்களும் வரிசையாகத் தெரிவதைப் பார்க்காமல் ரயில் ஏறினால் பாதி ஊரைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

மதியம் வந்து இறங்கினால் முதலில் உட்புறங்களை முடித்துவிடுங்கள், மாலை 5, 6 மணிக்கு மேல் கதவுகள் சாத்திவிடும். சின்ட் பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம், 1432. நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்; ஞாயிறு காலையில் வழிபாடு, பிற்பகலில்தான் பார்வையாளருக்கு அனுமதி. ஓவியத்தின் நடுவில் நிற்கும் ஆட்டுக்குட்டியின் முகத்தைக் கவனியுங்கள். பிற்காலத்தில் யாரோ பூசிய வண்ணத்தை அண்மையில் சுரண்டி எடுத்தபோது, மனிதக் கண்போல நேராக உங்களையே பார்க்கும் மூல முகம் வெளியே வந்தது. பார்த்தவர்களில் பலர் திடுக்கிட்டார்கள். கீழ் வரிசையின் இடது ஓரப் பலகை மட்டும் நகல். மூலம் 1934இல் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. 2012 முதல் கட்டம் கட்டமாகப் புதுப்பிப்பு நடப்பதால் சில பலகைகள் சில மாதங்களில் இடத்தில் இல்லாமல் போகலாம். இந்த ஓவியத்துக்காகவே வருகிறீர்கள் என்றால் டிக்கெட் எடுக்கும் முன் பேராலயத்தின் தளத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிராவன்ஸ்டேன் கோட்டை. 1180இல் ஃபிளாண்டர்ஸ் கோமகன் கட்டியது, நகரின் நடுவில் அகழியோடு நிற்கிறது. 1949இல் பீர் விலை உயர்வை எதிர்த்து மாணவர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்துவைத்துக்கொண்டு காவலர்கள்மேல் பழங்களை வீசிய சம்பவம் ஊருக்கே பிடித்த கதை. உள்ளே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. படிக்கட்டுகள் வழுவழுப்பானவை, மழை நாளில் கொத்தளத்தின் மேல் கவனம் தேவை.

கோட்டைக்குப் பின்னால் பாட்டர்ஸ்ஹோல் என்ற குறுகிய சந்துகளின் வட்டாரம்; சாப்பாட்டுக் கடைகள் இங்கேதான் அதிகம். ஆற்றைத் தாண்டினால் சிவப்பு வண்ணம் பூசிய பழைய பீரங்கி, அதற்கடுத்து ஃப்ரைடாக்மார்க்ட் சதுக்கம். திரும்பும் வழியில் சுவர் முழுக்க வண்ணம் பூசிய வெரகாரன் என்ற சந்தின் வழியாகப் போகலாம். பிறகு வேலை ஒன்றுமில்லை. கிராஸ்லேய்க்கு வந்து உட்கார்ந்து வெயில் இறங்குவதைப் பார்க்க வேண்டியதுதான்.

2017இல் போக்குவரத்துத் திட்டம் மாறியதிலிருந்து நடுநகரில் கார்கள் மிகக் குறைவு. அதை நம்பிக் கவனக்குறைவாக நடந்துவிடாதீர்கள். டிராம் சத்தமில்லாமல் வரும். சைக்கிள் அதைவிட வேகமாக வரும். பாலத்தின் நடுவில் படத்துக்காகப் பின்னால் ஓரடி வைப்பவர்கள்தான் மணியடி வாங்குகிறார்கள்.

ஏறுவது, சாப்பிடுவது, கழிப்பறை

இரண்டு ஊரிலும் மணிக்கோபுரம் உண்டு. புரூஜில் உயரம் 83 மீட்டர், 366 படி, லிஃப்ட் கிடையாது. சுழல் படிக்கட்டு ஒன்றுதான். ஏறுபவரும் இறங்குபவரும் அதிலேயே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மேலே போகப் போகப் படி ஒடுங்கும், பிடித்துக்கொள்ளக் கயிறு இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் இடுக்கான இடத்தில் மூச்சுத் திணறுபவர்களும் விட்டுவிடலாம். உச்சியிலிருந்து பார்த்தால் தெரிவது சிவப்புக் கூரைகள். கால்வாய்கள் வீடுகளுக்கிடையே மறைந்துகிடப்பதால் அதிகம் தெரியாது. கெண்ட் கோபுரம் 91 மீட்டர். முதல் தளம் வரை படி, அதற்கு மேல் லிஃப்ட். கீழே சின்ட் பாவோவும் சின்ட் நிக்கோலாஸும் பக்கத்திலேயே நிற்கும் காட்சி. வயதான அம்மா அப்பாவோடு போனால் ஏற வேண்டிய கோபுரம் இதுதான்.

கலைக்காகப் போகிறவர்களுக்கு புரூஜ் குறைந்தது இல்லை. அன்னை மரியா தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்குத் தாயும் சேயும் இருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோதே இத்தாலியை விட்டு வெளியே வந்த சிலை, பிரெஞ்சுக்காரர்கள் ஒரு முறை, நாஜிகள் ஒரு முறை தூக்கிப்போய் இரண்டு முறையும் திரும்பி வந்தது. எதிரிலேயே பழைய சின்ட் யான் மருத்துவமனையில் மெம்லிங் ஓவியங்கள். ஆனால் பகல் முழுக்க நடக்க வந்தவர்கள் இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில் சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை வழக்கமாக மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு, ஆனால் வறுவல் விற்கும் வண்டிக்குப் போய்க் கேட்காமல் வாங்கக் கூடாது. வாஃபிளில் முட்டை இருக்கும். கெண்ட் 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாகக் கொண்டாடும் ஊர்; மற்ற நாள்களிலும் சைவ உணவகங்கள் தேடாமலே கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் கெண்ட்டுக்கு அருகில்கூட புரூஜ் வராது. இரு ஊரிலும் பல உணவகங்களில் சமையலறை மதியம் 12 முதல் 2 வரை, பிறகு மாலை 6 மணிக்குத்தான். மூன்று மணிக்குப் பசித்தால் வாஃபிளும் வறுவலும்தான் கதி. குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரும் கடைகள் குறைவு, பாட்டிலைக் கையில் வைத்திருங்கள். கழிப்பறைக்கு அரை யூரோ, ஒரு யூரோ நாணயங்கள் தேவைப்படும். உணவகத்தில் சாப்பிட்ட இடத்திலேயே போய்விடுவது வசதி. கெண்ட்டில் கியூபர்டான் என்ற ஊதா நிறக் கூம்பு மிட்டாயை வாங்கினால் சீக்கிரம் தின்றுவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் உள்ளே இருக்கும் பாகு கெட்டித்துவிடும். சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கிழமையும் மாதமும்

திங்கட்கிழமை என்றால் கெண்ட் பக்கம் சாயலாம். புரூஜில் அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு அன்று விடுமுறை, கிராவன்ஸ்டேன் கோட்டையோ வாரம் முழுக்கத் திறந்திருக்கும். புதன் காலையில் புரூஜ் மார்க்ட்டில் சந்தை கூடும். சதுக்கத்தைப் படம் எடுக்க முடியாது, ஆனால் சந்தை நன்றாக இருக்கும். சனிக்கிழமை இரண்டுமே நெரிசல், புரூஜ் அதிகம்.

ஜூலை 21ஐ ஒட்டிப் பத்து நாள் கெண்ட்டில் ஊர்த் திருவிழா. இசை, கூட்டம், இரவு முழுக்கச் சத்தம். திருவிழாவுக்காகவே போவதானால் சரி, நிதானமாக நடக்கப் போவதானால் அந்தப் பத்து நாளும் வேண்டாம். டிசம்பரில் 4.40க்குச் சூரியன் மறைந்துவிடும், காலையில் 8.40க்குத்தான் விடியும். அந்த மாதத்தில் கெண்ட் விளக்கொளியை 5.30க்கே பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு பிரஸ்ஸல்ஸ் திரும்பிவிடலாம். புரூஜில் படகும் ஓடாது. ஜூன் மாதமோ இருட்டவே இரவு 10.30 ஆகும். விளக்குக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்குக் கெண்ட்டின் பெரிய கவர்ச்சி ஒன்று போய்விடும். இதில் இன்னொரு வழியும் திறக்கிறது: ஜூனில் மாலை 5 மணிக்கு புரூஜில் இறங்கினால், பகல் கூட்டம் கிளம்பிய பிறகு ஐந்து மணி நேரம் வெளிச்சம் மிச்சம். தேவாலயமும் அருங்காட்சியகமும் பூட்டியிருக்கும், படகும் சற்று நேரத்தில் நின்றுவிடும், தெருக்கள் மட்டும் உங்களுக்கு. உள்ளே போய்ப் பார்க்கும் ஆசை இல்லாதவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நடை போதாது என்பவர்களுக்கு புரூஜ் மட்டுமே வழி தரும். காற்றாலைகளுக்கு வடக்கே தொடங்கும் டாம் கால்வாய், நெப்போலியன் உத்தரவில் வெட்டத் தொடங்கியது, நேர்க்கோடாகப் போகிறது. இரு பக்கமும் காற்றில் சாய்ந்த நெட்டை மரங்கள், ஐந்து கிலோமீட்டர் சமதரை, முடிவில் டாம் என்ற சிற்றூர். திரும்பி நடக்க மனமில்லாவிட்டால் கோடைப் பருவத்தில் படகு உண்டு. கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

இரண்டையும் ஒரே நாளில்?

முடியும், ஆனால் நிதானம் என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். செய்வதென்றால் தூரத்து ஊரைக் காலையில் முடியுங்கள். 8 மணி வாக்கில் பிரஸ்ஸல்ஸில் ஏறி 9க்கு புரூஜ், அங்கே ரோசன்ஹூட்காய், புர்க், மார்க்ட், முதல் படகு, 1.30க்கு நிலையம். 2.30க்குக் கெண்ட் பழைய நகரம், ஓவியமோ கோட்டையோ ஒன்று மட்டும், பிறகு ஆற்றங்கரை, விளக்கு. நீங்கள் இழப்பது சின்ட் அன்னா, காற்றாலைகள், மதில்மேட்டு நடை, பெகெய்ன்ஹோஃப். அதாவது புரூஜில் கூட்டமில்லாத பகுதி முழுவதும். இந்தக் காரணத்துக்காகவே ஒரே நாளில் இரண்டு ஊர் வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

அப்படியும் போவதானால் புரூஜ் வரை ஒன்று, புரூஜிலிருந்து கெண்ட் ஒன்று, கெண்ட்டிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ஒன்று என்று டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்குங்கள். வெயில் அடிக்கும் ஞாயிறு மாலைகளில் இந்த வண்டிகள் கடற்கரையிலிருந்து நிரம்பி வரும்: மணல் ஒட்டிய கால்களோடு குடும்பங்கள், மடக்கு நாற்காலிகள், நாய்கள். புரூஜில் ஏறினால் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வர நேரலாம், கெண்ட்டில் ஏறினால் அரை மணி. அதைத் தவிர்க்க 5 மணிக்கு முன்னால் ஏறிவிடுங்கள், அல்லது இரவு 8 மணிக்கு மேல் கிளம்புங்கள்.